க்ரோ போட்டா மூக்கு தூக்குது, எலிவேட்டருக்கு எத்தனை பர்சன்ட்னு கேட்டவருக்கு

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தைல ஒருதடவை சொல்லிக்கிறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ரிமோட்ல ஓட்டற 3 மீட்டர் க்ளைடர், இறக்கைல 4 சர்வோ (பலகையை அசைக்கற குட்டி மோட்டார், உள்பக்க ஃப்ளாப்புக்கு 2, ப்ளேனை சாய்க்கற வெளிப்பக்க எய்லரானுக்கு 2), வி-டெயில் (V மாதிரி வால், ரெண்டே பலகை எலிவேட்டர், ரட்டர் ரெண்டு வேலையும் செய்யும்), மூக்குல மோட்டார், கையில ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் ரிமோட், அதுல எட்ஜ்டிஎக்ஸ் சாஃப்ட்வேர், ரிசீவர் ஈஎல்ஆர்எஸ்ங்கற ரேடியோ லிங்க். இறங்க க்ரோ, அதாவது ஃப்ளாப்பும் எய்லரானும் சேந்து போடற ப்ரேக், இழுத்தா மூக்கைத் தூக்கிட்டு மேல ஏறுது, கூடவே இடது பக்கமா இழுக்குது. அதுக்காக க்ரோலேர்ந்து எலிவேட்டருக்கு (மூக்கை மேல கீழ ஆட்டறது) 15, ரட்டருக்கு (மூக்கை இடது வலது திருப்பறது) 22 பர்சன்ட்னு மிக்ஸ் (ஒண்ணை அசைச்சா இன்னொண்ணும் கூட அசையற செட்டிங்) போட்டீங்க, பாதி க்ரோல பரவால்ல, முழுசா இழுத்தா திரும்பவும் அதே கதை. "சரியான பர்சன்ட் எவ்வளவு, இல்லைன்னா உங்க மாடல் ஃபைலை அனுப்புங்கண்ணா" - இதான் கேள்வி.

அண்ணான்னு கூப்பிட்டதால உரிமையோட சொல்றேன், பர்சன்ட்ல பிரச்சனையே இல்ல. மூக்கு தூக்குறதும் இடது பக்கம் இழுக்குறதும் ரெண்டு தனித்தனி வியாதி. முதலாவதுக்கு மருந்து மிக்ஸ்ல இருக்கு. ரெண்டாவதுக்கு மிக்ஸ்ல மருந்தே கிடையாது, அது அதுக்குக் கீழ இருக்கற வேலை. அதனால அந்த ரட்டர் 22ஐ இன்னைக்கே அழிச்சிடுங்க. என் ஃபைலை அனுப்பினாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னு படிச்சிட்டு வந்தா உங்களுக்கே தெரியும்.

எட்ஜ்டிஎக்ஸ் (அதோட தாய் ஓப்பன்டிஎக்ஸும் இப்படித்தான்) மூணு அடுக்கா வேலை செய்யுது. மேல இன்புட்ஸ், அங்க உங்க விரல் சொல்றதை வாங்கி எக்ஸ்போ, ரேட் (ஸ்டிக் எவ்வளவு மென்மையா, எவ்வளவு தூரம் வேலை செய்யணும்ங்கறது) எல்லாம் போட்டுக்கலாம். நடுவுல மிக்ஸஸ், எந்த ஸ்டிக் எந்த சேனலுக்கு (ஒரு சர்வோவுக்கு ஒரு சேனல்) எவ்வளவு போகணும்னு அங்க முடிவாகுது. கீழ அவுட்புட்ஸ், அது சர்வோவோட நிஜ உலகம், எந்த திசை, எங்க நடு, எதுவரைக்கும் போகலாம். புதுசா வர்றவங்க 10ல 8 பேர் நேரா நடுவுல இருக்கற மிக்ஸ்ல போய் உக்காந்துடுறாங்க, ஏன்னா யூட்யூப்ல அதைத்தான் காட்டுறாங்க, பாக்கவும் அதுதான் சுவாரஸ்யமா இருக்கும். ஆனா கீழ் அடுக்குல கோணல் இருந்தா நடு அடுக்குல எழுதுற ஒவ்வொரு நம்பரும் பொய். இடது ஃப்ளாப்புக்கு 60ன்னா 50 டிகிரி, வலதுக்கு 60ன்னா 43 டிகிரின்னு இருக்கற ப்ளேன்ல 60ங்கற நம்பருக்கு என்ன அர்த்தம்? உங்க ப்ளேன் இடது பக்கம் இழுக்குறது அனேகமா இதனாலதான். இடது ஃப்ளாப் கொஞ்சம் கூடுதலா இறங்குது, அந்தப் பக்கம் இழுவை ஜாஸ்தி, மூக்கு அங்க போகுது. பார்க்காம சொல்றேன், அதனால "அனேகமா"ன்னுதான் சொல்ல முடியும். இறக்கையே முறுக்கிட்டு இருந்தாலும் இப்படி ஆகும், ஆனா அப்போ க்ரோ போடாத நேரத்துலயும் ஸ்பீடு மாறும்போது இழுத்திருக்கும், நீங்க அப்படி எதுவும் சொல்லல.

இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். என் முதல் 4 சர்வோ இறக்கைல இதே மாதிரி வலது பக்கம் இழுத்துச்சு, நானும் உங்களை மாதிரியே ரட்டர் மிக்ஸ் போட்டு "சரி" பண்ணேன், கூட எய்லரானுக்கும் கொஞ்சம் போட்டேன். பாதி க்ரோல ரயில் மாதிரி நேரா வந்துச்சு. ஒரு நாள் வத்தின ஏரில இறக்குறப்போ காத்து திடீர்னு செத்துப்போச்சு, ப்ளேன் ரொம்ப தூரம் மிதந்து கருவேலம் புதர் பக்கம் போகப் பாத்துச்சு, பதட்டத்துல க்ரோவை முழுசா இழுத்தேன். ரெண்டு ஃப்ளாப்புக்கும் உள்ள வித்தியாசம் பாதில 3 மில்லிமீட்டர்னா கடைசில 9. மிக்ஸ் நேர்கோடு, லிங்கேஜ் (சர்வோலேர்ந்து ஃப்ளாப் வரைக்கும் உள்ள இணைப்பு) வளைகோடு, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? தரையிலேர்ந்து ரெண்டு ஆள் உயரத்துல அப்படியே உருண்டுச்சு. இறக்கை நுனி போச்சு. அன்னைக்கு ராத்திரி ஸ்கேல் வச்சு அளந்து பாத்தப்பதான் தலைல அடிச்சுக்கிட்டேன்.

அப்போ எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? ஸ்க்ரூ டிரைவர்லேர்ந்து. ட்ரான்ஸ்மிட்டரை ஓரமா வைங்க. ஃப்ளாப் மேல போகவேண்டியது ஒரு 10 டிகிரி, கீழ வரவேண்டியது 80, 90 டிகிரி. சர்வோவோட நடுப்புள்ளில ஃப்ளாப் நேரா இருக்கற மாதிரி ஹார்னை (சர்வோ தலைல மாட்டற கை) மாட்டினீங்கன்னா சர்வோவோட பாதி ஓட்டம் மேல் பக்கத்துக்கு வீணாப் போயிடும், கீழ 45க்கு மேல வராது, அப்புறம் லிமிட்டை 150க்கு ஏத்தி, சப்டிரிம்மை (சர்வோவோட நடுவை நகத்தற செட்டிங்) கன்னாபின்னான்னு தள்ளின்னு ஒரே ரகளை. அதுக்குப் பதிலா சர்வோ நடுவுல இருக்கும்போது (1500 மைக்ரோசெகண்ட்) ஃப்ளாப் ஏறக்குறைய 40 டிகிரி கீழ தொங்கற மாதிரி ஹார்னை மாட்டுங்க. சேனல் −100ல மேல 10 டிகிரி, +100ல கீழ 90 டிகிரி, மொத்த ஓட்டமும் உபயோகமாகும். கணக்கு போட்டா 200 யூனிட்டுக்கு 100 டிகிரி, அதாவது யூனிட்டுக்கு அரை டிகிரி. ஃப்ளாப் நேரா நிக்கற இடம் −80. இந்த −80ஐ சப்டிரிம்ல போடாதீங்க, மிக்ஸ்ல ஃப்ளாப் சேனலோட முதல் வரியா சோர்ஸ் (கட்டளை எங்கேர்ந்து வருது) மேக்ஸ், வெயிட் (எத்தனை பர்சன்ட்) −80ன்னு போட்டா முடிஞ்சுது. மேக்ஸ்ங்கறது எப்பவும் 100 குடுக்கற ஒரு நிலையான சோர்ஸ், அதுக்கு இந்த மாதிரி வேலைதான்.

அடுத்து அவுட்புட்ஸ். இங்க எனக்கு ஒரு விதி உண்டு, இறக்கைல எல்லா சேனலும் ப்ளஸ்னா கீழ, மைனஸ்னா மேல, வால்லயும் எலிவேட்டருக்கு அதே. இடது வலது கண்ணாடி பிம்பமா சர்வோ மாட்டியிருந்தா எது தலைகீழா போகுதோ அதை இன்வர்ட் பண்ணிடுங்க, அதோட திசைப் பிரச்சனை இந்த அடுக்கோட செத்துப்போகணும். மிக்ஸ்ல போய் மைனஸ் போட்டு திசை மாத்தற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்ருங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே திறந்து பாத்தா உங்களுக்கே புரியாது. சிலர் ப்ளஸ்னா மேலன்னு வச்சுக்குவாங்க, அதுவும் தப்பில்ல, ஒரே மாதிரி இருந்தா போதும்.

அப்புறம் ரெண்டு ஃப்ளாப்பையும் ஜோடி சேக்கற வேலை. இதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. தற்காலிகமா ரெண்டு ஃப்ளாப் சேனலுக்கும் ஒரே ஸ்லைடரை மட்டும் சோர்ஸா குடுத்து மெதுவா தள்ளிப் பாருங்க. எந்தப் பக்கம் கம்மியா போகுதோ அது மாஸ்டர், ஜாஸ்தி போறதைத்தான் குறைக்க முடியும், குறைவா போறதை இழுத்து நீட்ட முடியாது. மினிமம் மேக்ஸிமம் வச்சு ரெண்டு முனையையும் சமம் பண்ணுங்க. முனை ரெண்டும் சமமா இருந்தாலும் நடுவுல சமமா இருக்காது, ஏன்னா புஷ்ராடு (சர்வோவையும் ஃப்ளாப்பையும் இணைக்கற கம்பி) கோணம் ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி மாட்டினவன் இன்னும் பொறக்கல. அதுக்கு மாஸ்டர் இல்லாத பக்கத்துக்கு அவுட்புட்ல ஒரு கர்வ் குடுங்க, 5 புள்ளி. எக்ஸ் மதிப்பையும் நம்மளே வச்சுக்கற கஸ்டம் கர்வ் எடுத்து, ஒரு புள்ளியை கட்டாயம் −80ல வைங்க, ஏன்னா ப்ளேன் 95 சதவீத நேரம் பறக்கறது ஃப்ளாப் அங்க நிக்கும்போதுதான், அந்த இடத்துல முடி அளவு வித்தியாசமும் இருக்கக்கூடாது. மத்த புள்ளில 1 மில்லிமீட்டருக்குள்ள வந்தா நான் விட்டுடுவேன். எய்லரானுக்கும் இதே, ஆனா அங்க நடுப்புள்ளி நடுவுலயே இருக்கறதால சுலபம்.

சப்டிரிம்ல ஒரு சின்ன விஷயம், நிறைய பேர் கவனிக்கறதில்ல. அவுட்புட் வரில கடைசில ஒரு முக்கோணமோ சமக்குறியோ இருக்கும். முக்கோணம்னா சப்டிரிம் நடுவை மட்டும் நகத்தும், முனைகள் அங்கேயே நிக்கும், அதனால ஒரு பக்கம் வேகமாவும் மறுபக்கம் மெதுவாவும் ஓடும். சமக்குறின்னா மொத்தமா நகரும். 5, 6 அளவுக்குள்ள இருந்தா எதுவா இருந்தாலும் பரவால்ல, 20, 30ன்னு போனா ஹார்னை ஒரு பல் தள்ளி மாட்டணும்னு அர்த்தம்.

இது வரைக்கும் பண்ணாலே உங்க இடது பக்க இழுப்பு 90 பங்கு போயிடும்னு நினைக்கிறேன். இப்ப மிக்ஸுக்கு வருவோம்.

மிக்ஸ்னா வெறும் கூட்டல் கணக்குதான், அதுக்கு மேல ஒரு மாயமும் இல்ல. அந்தக் காலத்துல இதையே மெக்கானிக்கலா பண்ணாங்க, வி-டெயிலுக்கு ஒரு சர்வோவை இன்னொரு சர்வோ முதுகுல சறுக்கற மாதிரி தட்டுல மாட்டி, எலிவேட்டர் சர்வோ ரட்டர் சர்வோவை முன்ன பின்ன தள்ளும், ரெண்டு அசைவும் கூடி வால்ல வரும். இன்னைக்கு அந்த தட்டு வேலையைத்தான் ஒரு சிப் பண்ணுது. ஒரு சேனல்ல 4 வரி இருந்தா நாலையும் கூட்டும், கூட்டினது அவுட்புட் லிமிட்டைத் தாண்டினா அங்கேயே வெட்டிடும், உங்ககிட்ட சொல்லாது. இதுலதான் ஆபத்து. நீங்க அனுப்பின படத்துல எய்லரான் வெயிட் 100, க்ரோல எய்லரான் மேல 40. முழு க்ரோல எய்லரான் ஏற்கனவே 40 மேல நிக்குது, அந்த நேரம் வலது பக்கம் சாய்க்க ஸ்டிக்கை முழுசா தள்ளினா வலது எய்லரான் 140 கேக்குது, கிடைக்கறது 100. அதாவது தரைக்குப் பக்கத்துல, மெதுவா வர்ற நேரத்துல, காத்து உருட்டற நேரத்துல, உங்க கட்டுப்பாட்டுல ஒரு பெரிய துண்டு காணாமப் போகுது. எய்லரானை 60, க்ரோல எய்லரானை 30ன்னு வைங்க, கூட்டினா 90, தாராளம். 60 போதலைன்னா எய்லரான் பக்கம் இருக்கற ஹார்ன்ல புஷ்ராடை ஒரு ஓட்டை உள்ள தள்ளி மாட்டுங்க. மறுபடியும் ஸ்க்ரூ டிரைவர்தான்.

க்ரோன்னா என்னன்னு கேக்கறவங்களும் இதைப் படிக்கலாம், ரெண்டு வரில சொல்லிடுறேன். உள்பக்க ஃப்ளாப் ரெண்டும் நல்லா கீழ இறங்கும், வெளிப்பக்க எய்லரான் ரெண்டும் கொஞ்சம் மேல எழும். ஃப்ளாப் பயங்கர இழுவை குடுக்கும், எய்லரான் மேல போறதால இறக்கை நுனி ஸ்டால் ஆகாம (திடீர்னு லிஃப்ட் போயிடாம) இருக்கும். பட்டர்ஃப்ளைன்னும் சொல்லுவாங்க. எங்க கிரவுண்டுல "காக்கா போடு"ன்னே சொல்லிப் பழகிட்டோம்.

இதை வைக்கறதுக்கு என் வழி: த்ராட்டில் ஸ்டிக் முழுசா முன்னாடி இருந்தா க்ரோ இல்ல, உங்களை நோக்கி இழுக்க இழுக்க க்ரோ. மோட்டார் தனி ஸ்விட்ச்ல. ஸ்டிக் முன்னாடி இருந்தா +100, பின்னாடி −100 வரும், நமக்கு வேணும்ங்கறது 0லேர்ந்து 100. அதனால சேனல் 20னு ஒரு காலி சேனலை எடுத்து, ரிசீவருக்கு அது போகப்போறதில்ல, அதுல சோர்ஸ் த்ராட்டில், வெயிட் −50, ஆஃப்செட் 50. முன்னாடி 0, பின்னாடி 100, கணக்கு போட்டுப் பாத்துக்கோங்க. இனிமே க்ரோ வேணும்ங்கற எல்லா இடத்துலயும் சோர்ஸ் சேனல் 20தான். ஃப்ளாப் சேனல்ல அதுக்கு வெயிட் 170. பயப்படாதீங்க, வெயிட் 100க்கு மேலயும் போகும், −80லேர்ந்து கிளம்பி +90க்குப் போகணும்னா 170தானே, அது 85 டிகிரி. எய்லரான் சேனல்ல −30. ஸ்டிக்கோட முதல் 5 சதவீதத்துக்கு ஒண்ணும் நடக்கக்கூடாதுன்னா ஒரு சின்ன கர்வ் போட்டுக்கோங்க, விரல் லேசா பட்டாலே ப்ரேக் திறந்தா தெர்மல்ல (மேல ஏறற சூடான காத்து) சுத்தும்போது எரிச்சலா இருக்கும். ஆன் பண்ணும்போது த்ராட்டில் கீழ இல்லன்னு ரேடியோ கத்தும், மாடல் செட்டப்ல அந்த செக்கை நிறுத்துங்க, ஆனா அதுக்குப் பதிலா மோட்டார் ஸ்விட்ச் பொசிஷனுக்கு கட்டாயம் வார்னிங் வைங்க. மோட்டார் சேனலோட கடைசி வரில ரீப்ளேஸ், −100, ஒரு சேஃப்டி ஸ்விட்ச். ரீப்ளேஸ்ங்கறது மேல இருக்கற எல்லா வரியையும் தூக்கிப் போட்டுட்டு தன்னோடதை மட்டும் வைக்கும், அதனாலதான் கடைசில வைக்கறோம். இதே ரீப்ளேஸை தெரியாம ஃப்ளாப் சேனல்ல நடுவுல போட்டுட்டு "என் −80 எங்க போச்சு"ன்னு தேடினவங்களைப் பாத்திருக்கேன்.

இப்ப உங்க அசல் கேள்வி, எலிவேட்டர். க்ரோ போட்டா மூக்கு ஏன் தூக்குது? ஃப்ளாப் இறங்கினா இறக்கைக்குப் பின்னாடி காத்து இன்னும் செங்குத்தா கீழ தள்ளப்படுது, அந்தக் காத்து வால் மேல விழுந்து வாலை அமுக்குது, வால் கீழ போனா மூக்கு மேல. ஃப்ளாப் தன் பங்குக்கு மூக்கை கீழ தள்ளவும் பாக்கும், ஆனா நம்ம மாதிரி ப்ளேன்ல பெரும்பாலும் முதல் விஷயம்தான் ஜெயிக்கும். முக்கியமானது என்னன்னா இந்தத் தூக்கல் க்ரோ அளவுக்கு நேர் விகிதத்துல வளராது. ஃப்ளாப் முதல் 30, 40 டிகிரி இறங்கும்போது லிஃப்ட் நல்லா ஏறும், மூக்கும் பயங்கரமா தூக்கும். அதுக்கப்புறம் காத்து ஃப்ளாப்பை விட்டுப் பிரிஞ்சிடும், இழுவை மட்டும்தான் ஏறும், தூக்கல் பெருசா கூடாது. அதனாலதான் ஒத்தை பர்சன்ட் நம்பர் எதை வச்சாலும் தோக்கும். பாதிக்கு சரியா வச்சா கடைசில மூக்கு குத்தும், கடைசிக்கு சரியா வச்சா ஆரம்பத்துல எகிறும். உங்க கேஸ்ல பாதில சரியாகி முழுசுல மறுபடி தூக்குதுன்னு எழுதியிருக்கீங்க, இது வழக்கத்துக்கு மாறு. என் சந்தேகம் முழு க்ரோல வி-டெயில் சேனல் முட்டிக்கிச்சு. எலிவேட்டர் 100, ரட்டர் 100ன்னு வச்சு அதுக்கு மேல க்ரோலேர்ந்து 15ம் 22ம் போனா ஒரு பக்க வால் முட்டும், மறுபக்கம் முட்டாது, மூக்கும் கெடும் திசையும் கெடும். எலிவேட்டர் 55, ரட்டர் 45ன்னு குறைச்சிடுங்க. கூட்டினா 100. அதுக்கு மேல க்ரோவுக்காக ஒரு 18 வந்தாலும் கவலையில்ல, அது கீழ் எலிவேட்டர், இறங்கும்போது நீங்க இழுக்கப்போறது மேல் எலிவேட்டர், ரெண்டும் எதிரெதிர், முட்டாது.

அந்த கர்வை எப்படிப் போடறதுன்னா, இங்க ஒரு குழி இருக்கு, நானே விழுந்திருக்கேன். கர்வோட படுக்கை அச்சு −100லேர்ந்து +100. சேனல் 20 குடுக்கறது 0லேர்ந்து 100 மட்டும். அதுல 5 புள்ளி கர்வ் போட்டா வலது பாதிதான் உபயோகமாகும், 5 புள்ளி போட்டோம்னு நினைச்சுட்டு 3 புள்ளில ஓட்டிக்கிட்டிருப்போம். அதனால இதுக்கு மட்டும் சோர்ஸ் நேரா த்ராட்டில் ஸ்டிக். சேனல் 21ஐ எடுத்து சோர்ஸ் த்ராட்டில், கர்வ் புள்ளிகள் ஸ்டிக் +100ல 0, +50ல 40, நடுவுல 68, −50ல 86, −100ல 100. மேல சொன்ன 5 சதவீத காலி இடம் வச்சிருந்தா முதல் புள்ளிக்குப் பக்கத்துல +90ல 0ன்னு இன்னொரு புள்ளி சேத்துக்கோங்க, முதல் 5 சதவீதம்னா ஸ்டிக் +100லேர்ந்து +90 வரைக்கும்தானே. வெயிட் ஜிவி1, அதாவது குளோபல் வேரியபிள், ஆரம்பத்துக்கு 18. இந்த சேனல் 21ஐ ரெண்டு வால் சேனலுக்கும் வெயிட் 100ல குடுத்துடுங்க. திசையெல்லாம் அவுட்புட்லயே முடிச்சிட்டதால ரெண்டுக்கும் ஒரே குறி. இனிமே மாத்தணும்னா ஒரே இடத்துல ஒரே நம்பர்.

கர்வோட வடிவம், அதாவது ஆரம்பத்துல வேகமா ஏறி அப்புறம் படுத்துக்கறது, அது நான் ஓட்டின எல்லா 4 சர்வோ இறக்கைக்கும் ஒத்து வந்திருக்கு. 18ங்கற நம்பர் அப்படி இல்ல, அது என் ப்ளேனோட வால் அளவு, ஹார்ன் நீளம், சிஜி (எடை மையம்) எல்லாம் சேந்தது, உங்களுக்கு 11ஆ இருக்கலாம், 25ஆ இருக்கலாம். அதைப் பறந்துதான் கண்டுபிடிக்கணும். அதுக்கு வசதியா, க்ரோ ஸ்டிக்ல த்ராட்டில் டிரிம் சும்மாதான இருக்கு, ஃப்ளைட் மோடுல அந்த டிரிம்மை அணைச்சிட்டு, ஸ்பெஷல் ஃபங்ஷன்ல டிரிம் மேல அழுத்தினா ஜிவி1 ஒண்ணு கூடு, கீழ அழுத்தினா ஒண்ணு குறைன்னு ரெண்டு வரி போடுங்க. ஜிவி1க்கு மினிமம் 0, மேக்ஸிமம் 40ன்னு வேலி போட்டுடுங்க.

பறக்கும்போது: நல்ல உயரம், காத்துக்கு எதிரா, இறக்கை மட்டமா, வழக்கமான டிரிம் ஸ்பீடு. டைவ்லேர்ந்து வரும்போது சோதிக்காதீங்க, வேகமா வர்ற ப்ளேன்ல க்ரோ இழுத்தா கையில இருக்கற வேகமே அதை மேல தூக்கும், அதைப் பாத்து கீழ் எலிவேட்டரை ஏத்திட்டா மெதுவா வரும்போது மூக்கு குத்தும். கால்வாசி க்ரோ, ஸ்டிக்கை விடுங்க, 4 செகண்ட் பாருங்க. அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. முழுசுக்கு ஜிவி1ஐ சரி பண்ணுங்க, நடுவுல தப்பா இருந்தா கீழ இறங்கி வந்து கர்வ் புள்ளியை மாத்துங்க. எனக்கு மூக்கு லேசா கீழ பாத்த மாதிரி, வேகம் குறையாம வரணும், அது என் ருசி. சில பேர் நடந்து வர்ற வேகத்துல மிதக்கணும்னு நினைப்பாங்க, எஃப்5ஜேங்கற மோட்டார் க்ளைடர் போட்டி மாதிரி புள்ளிக்கு நேரா மூக்கை வைக்கணும்னா அவங்க கணக்கு வேற. ஒரு விஷயத்துல மட்டும் ருசி கிடையாது, தரைக்குப் பக்கத்துல க்ரோவை டபக்குனு மூடாதீங்க. ஃப்ளாப் குடுத்த லிஃப்ட் ஒரே நொடில போயிடும், ப்ளேன் கல்லு மாதிரி விழும்.

டிஃபரென்ஷியல் பத்தி கேக்கல, ஆனா க்ரோவோட சம்பந்தப்பட்டதால சொல்றேன். எய்லரான் கீழ இறங்கற பக்கம் லிஃப்ட் கூடும்போது இழுவையும் கூடும், அதனால சாயற திசைக்கு எதிரா மூக்கு போகும். அதைக் குறைக்கத்தான் மேல போறதை விடக் கீழ வர்றதைக் குறைக்கறோம், 30, 40ன்னு டிஃப் வைக்கறோம். க்ரோல இது அப்படியே தலைகீழ். எய்லரான் ரெண்டும் ஏற்கனவே மேல நிக்குது, இன்னும் மேல தூக்கினா பெருசா வேலை செய்யாது, கீழ வர்ற பக்கம்தான் உருட்டற வேலையைச் செய்யுது, அதைப் போய் டிஃபரென்ஷியல் குறைச்சா சாய்மானமே வராது. அதனால டிஃபை ஜிவி2ன்னு வச்சு, லேண்டிங்னு ஒரு ஃப்ளைட் மோடுல அதை 0 ஆக்கிடுங்க. லேண்டிங் மோடு எப்ப வரணும்? லாஜிக்கல் ஸ்விட்ச்ல சேனல் 20 ஐந்துக்கு மேல போனா. இந்த மோடை எஃப்எம்1ல (ஃப்ளைட் மோடு 1) வைங்க, ஏன்னா ஒரே நேரத்துல ரெண்டு மோடு ஆன் ஆனா நம்பர் கம்மியானது ஜெயிக்கும், எஃப்எம்0 மட்டும் வேற எதுவும் இல்லாதப்போ வர்றது. ஃபேட் (ஒரு மோடுலேர்ந்து இன்னொண்ணுக்கு மெதுவா மாறற நேரம்) அரை செகண்ட் போட்டுக்கோங்க. எலிவேட்டர் டிரிம் லேண்டிங் மோடுக்குத் தனியா வேண்டாம், எஃப்எம்0 டிரிம்மையே எடுத்துக்கட்டும், இல்லன்னா மோடு மாறும்போது ஒரு குதி குதிக்கும். இந்த டிஃப் சைன் ப்ளஸ்ஸா மைனஸ்ஸான்னு என்கிட்ட கேக்காதீங்க, வச்சுட்டு எய்லரானைப் பாருங்க, கீழ ஜாஸ்தி வந்தா மாத்துங்க.

கேம்பர் (ஃப்ளாப், எய்லரான் எல்லாத்தையும் சேத்து கொஞ்சம் மேல கீழ வைக்கறது), எய்லரான்லேர்ந்து ஃப்ளாப், எய்லரான்லேர்ந்து ரட்டர், ஸ்னாப்ஃப்ளாப் (எலிவேட்டரோட ஃப்ளாப்பும் கூட அசையறது) இதெல்லாம் இப்போ தொடவே வேண்டாம்னு சொல்வேன். கேம்பர் மட்டும் தெர்மலுக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழ, ஸ்பீடுக்கு 1 மில்லிமீட்டர் சுமார் மேல, உங்க இறக்கையோட டிசைனர் குடுத்த அளவு இருந்தா அதுவே வேதம். எய்லரான்லேர்ந்து ரட்டருக்கு நிறைய பேர் 30, 40 போடுவாங்க, நான் கம்மியாத்தான் வைப்பேன், பருந்து சுத்தற தெர்மல்ல நம்மளும் சுத்தும்போது ரட்டர் விரல்ல இருக்கணும், அதை மிஷின் பண்ணா விரல் சோம்பேறியாயிடும். இது சுத்தமா என் அபிப்பிராயம், என்னை விட நல்லா ஓட்டறவங்க மிக்ஸ் போட்டுத்தான் ஓட்டறாங்க.

ஈஎல்ஆர்எஸ்னு சொன்னதால ஒண்ணு கவனிங்க, இது உங்க படத்துல எனக்குத் தெரியல. அதுல ஹைப்ரிட், வைடுன்னு ரெண்டு ஸ்விட்ச் மோடு இருக்கு, ரெண்டுலயும் முதல் 4 சேனலுக்குத்தான் முழு ரெசல்யூஷன், 5வது சேனல் ஆன் ஆஃப் மட்டும்தான், மத்தது படிக்கட்டு மாதிரி துள்ளும். அது ட்ரோன் ஆளுங்களுக்காக, அவங்களுக்கு 5வது சேனல் ஆர்மிங் (மோட்டாரைச் சுத்த அனுமதிக்கற) ஸ்விட்ச். க்ளைடருக்கு 6 சர்வோவும் வழுக்கிக்கிட்டு ஓடணும். அதனால ஃபுல்னு பேர் இருக்கற பாக்கெட் ரேட்டை (நொடிக்கு எத்தனை தடவை சிக்னல் அனுப்பணும்ங்கற செட்டிங்) எடுங்க, அங்கேயும் 5ல சர்வோ எதையும் மாட்டாதீங்க, 1லேர்ந்து 4, அப்புறம் 6லேர்ந்து போடுங்க. ஃப்ளாப்ல ஒண்ணு 4லயும் இன்னொண்ணு 7லயும் இருந்து ஒண்ணு வழுக்கி ஒண்ணு துள்ளினா, நீங்க எவ்வளவு அளந்து ஜோடி சேத்தாலும் சேராது. இதுவும் உங்க இடது இழுப்புக்கு ஒரு காரணமா இருக்கலாம், முதல்ல இதைப் பாத்துட்டு அப்புறம் ஸ்கேலை எடுங்க.

ஃபைல் அனுப்பறதைப் பத்தி. எட்ஜ்டிஎக்ஸ்ல மாடல் எஸ்டி கார்டுல வெறும் டெக்ஸ்ட் மாதிரி யாமில் ஃபைலா இருக்கு, அனுப்பறது ஒரு நிமிஷ வேலை. ஆனா அதுல பாதி என் அவுட்புட்ஸ், என் சர்வோ, என் ஹார்ன், என் கோணல். என் மூக்குக் கண்ணாடியை நீங்க போட்ட மாதிரி. அதை லோட் பண்ணி பவர் குடுத்தா ஃப்ளாப் எங்கயாவது போய் முட்டி கியர் பல்லு போயிடும். மிக்ஸ் பக்கம் மட்டும் வேணும்னா தரேன், ஆனா மேல எழுதினதை நீங்களே கம்பானியன் சாஃப்ட்வேர்ல தட்டிப் பாருங்க, அதுல சிமுலேட்டர் இருக்கு, சர்வோ இல்லாமயே சேனல் எவ்வளவு போகுதுன்னு பட்டை பட்டையா காட்டும். எந்தப் பட்டையாவது 100ல முட்டி நின்னா அங்க வெட்டு விழுதுன்னு அர்த்தம். ப்ளேன்ல ஏத்தின அப்புறம் ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு ஃபெயில்சேஃபையும் (சிக்னல் போனா சர்வோ, மோட்டார் என்ன பண்ணணும்ங்கறது) ஒருதடவை சோதிங்க, மோட்டார் நிக்கணும், அது கட்டாயம். மத்ததை நான் பாதி க்ரோ, கொஞ்சம் ரட்டர்னு வச்சிருக்கேன், சிக்னல் போனா ஊரை விட்டுப் போகாம பக்கத்துலயே சுத்தி விழட்டும்னு.

அடுத்த தடவை எழுதும்போது மூணு விஷயம் மட்டும் அனுப்புங்க: பாதி க்ரோலயும் முழு க்ரோலயும் ரெண்டு ஃப்ளாப்போட உடம்பை ஒட்டின முனைல அளந்த மில்லிமீட்டர், முழு க்ரோ போட்டு ரட்டரை முழுசா தள்ளினப்போ சேனல் மானிட்டரோட படம், ஈஎல்ஆர்எஸ் ஸ்விட்ச் மோடு. ரட்டர் 22 அழிச்ச அப்புறம் எடுத்த படமா இருக்கட்டும்.